பட்டாளம் ஆட வந்த வருஷம்

பஹ்ரைனில் எனக்கு மைதானத்தில் வேலை. புல்லுக்குத் தண்ணீர் விடுவது, வெட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது. வெள்ளைக்காரர்கள் வந்து ஆடுகிற கிளப் அது. நான் ஊரில் எட்டாவது வரை படித்தவன். புல்லை வளர்ப்பது ஒரு வேலை என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் புல் தானாக முளைக்கும், ஆடு தின்னும். அங்கே அதற்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வரும். முதல் மாதம் அந்த லாரியைப் பார்த்தே வாயைப் பிளந்தேன்.

வாரம் முழுக்க ஒவ்வொரு கூட்டம் ஒவ்வொரு ஆட்டம் ஆடும். வெள்ளிக்கிழமை காலை அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு ஹர்லிங் என்று பேர். ஆளுக்கொரு மட்டை. ஹாக்கி மட்டையைவிடக் குட்டை, அடியில் அகலம். பந்து கிரிக்கெட் பந்து அளவு. அதைத் தரையில் உருட்டுவது கொஞ்சம்தான். ஆகாயத்தில் அடிப்பார்கள். நம் பள்ளிக்கூடத்தில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, அது மாதிரி மட்டை நுனியில் பந்தை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடுவான். பக்கத்தில் மூன்று பேர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வருவார்கள். பழம் விழாது.

நான் சண்டை பார்த்திருக்கிறேன். ஜல்லிக்கட்டு பார்த்திருக்கிறேன். இதை முதல் தடவை பார்த்தபோது தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டேன். ஒரு மூலை சேறாகிவிட்டது. அதற்குத் திட்டு வாங்கினேன்.

கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும். இரண்டு கம்பத்துக்கும் நடுவில், குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒன்று. கீழே வலைக்குள் போனால் மூன்று. கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் நிற்க வேண்டும். ஒன்றுக்கு வெள்ளைக் கொடி, மூன்றுக்குப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அவர்களிடம் ஆடவே ஆள் பற்றாது. அதனால் ஒரு முனைக்கு என்னையும் என்னோடு வேலை பார்த்த இலங்கைப் பையன் மன்னார்க்காரனையும் நிறுத்தினார்கள். டாக்டர் போடுகிற கோட்டை மனாமாவில் வாங்கி வந்து மாட்டிவிட்டார்கள்.

மன்னார்க்காரன் என்னைவிட எட்டு வயது சின்னவன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கிலீஷ் தெரியும். அந்தக் கிளப்பில் யார் என்ன பேசினாலும் அவன்தான் எனக்குச் சொல்வான்.

"அண்ணை, உங்களப் பாத்தா கண் ஆசுப்பத்திரி டாக்குத்தர் மாதிரி இருக்கு."

"ஒன்னப் பாத்தா கம்பவுண்டர் மாதிரி இருக்குடா."

இப்படித்தான் நின்றோம்.

அந்தக் குழுவை அங்கே ஆரம்பித்தவர் ஒரு கட்டடக் கம்பெனி ஃபோர்மேன். கிளப்பிலும் ஃபோர்மேன் என்றே கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. முகம் வெயிலில் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷம் நம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். தமிழில் மூன்று வார்த்தை சொல்வார். சீக்கிரம். போதும். சாப்பிட்டியா. மற்றதெல்லாம் பாதி இங்கிலீஷ், பாதி சைட்டில் பேசுகிற இந்தி.

கோல் காப்பவர் அவர்தான். மற்ற பையன்கள் பாதிப் பேர் தலைக்குக் கவசம் போடுவார்கள். அவர் போட மாட்டார். ஒரு தடவை பந்து வாயில் பட்டது. நான் கம்பத்தோரம் நிற்கிறேன். அவர் குனிந்து துப்பினார். ஒரு பல். எடுத்து என் கையில் வைத்து, "பக்கடோ" என்றார். பிடி என்று அர்த்தம். நான் ஒரு கையில் பல்லும் ஒரு கையில் கொடியுமாக மீதி ஆட்டம் முழுக்க நின்றேன். முடிந்ததும் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

மைதானத்தில் நான் போடுகிற எல்லைக் கோட்டில் அவருக்குத் திருப்தி கிடையாது. நான் கோடு போட்ட பிறகு ஒரு நாள் டேப்பை எடுத்து வந்து அளந்தார். மூலையில் ஒரு சாண் தப்பு. மறு வாரத்திலிருந்து அவரே வந்துவிட்டார். நைலான் கயிறு, நாலு ஆணி, டேப். மூணு நாலு அஞ்சு என்று மூலை மட்டம் பிடிப்பது கொத்தனார் வேலை. அதை அந்தப் பெரிய மைதானத்தில் பிடித்தார். நான் பெயிண்ட் வண்டியைத் தள்ளுவேன். அவர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்.

ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. இங்கிலீஷ் பட்டாளம் ஒன்று எங்கள் தீவில் கொஞ்ச காலம் இருந்தது. அதில் அயர்லாந்துப் பையன்களும் உண்டு. அவர்கள் ஹர்லிங் குழு ஒன்று வைத்திருந்தார்கள். எங்கள் கிளப்புக்குக் கடிதம் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை நாங்களும் வந்து ஆடலாமா என்று.

இதில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். மன்னார்க்காரன்தான் சொன்னான். அந்த நாட்டு ஆட்டத்தில் இங்கிலீஷ் பட்டாளத்துக்காரனையும் அங்கத்தப் போலீசையும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருந்ததாம். சில வருஷத்துக்கு முன்னால்தான் அதை எடுத்தார்களாம்.

"சட்டத்த எடுத்தாச்சுல்ல?"

"பேப்பரில எடுத்தாச்சு அண்ணை."

கமிட்டி கூடியது. நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டோம், டீ கொடுத்தோம், கதவோரம் நின்றோம். பத்துப் பேரும் ஃபோர்மேனும். மன்னார்க்காரன் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர், சட்டமே போன பிறகு தடுக்க நாம் யார் என்றார். ஒரு டீச்சரம்மா, வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பையன்கள், வேலை கிடைக்காமல் சேர்ந்தவர்கள் என்றார். இன்னொருவர் மேசையைக் குத்தினார். எங்கள் அப்பா இதைப் பார்த்தால் என் முகத்தில் முழிப்பாரா என்று கேட்டார். பட்டாளம் பட்டாளத்தோடு ஆடட்டும், நம் ஆட்டத்தில் என்ன வேலை என்றார் இன்னொருவர். டீ ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

கை தூக்கினார்கள். வரட்டும் என்று ஐந்து பேர். கூடாது என்று ஐந்து பேர்.

எல்லாரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். அவர் அதுவரை வாய் திறக்கவில்லை. இவர் அந்த நாட்டின் வடக்குப் பக்கத்து ஆள். இங்கிலீஷ் பட்டாளம் தெருவில் நின்ற ஊர். இவர் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் நினைத்தார்கள்.

அவர் கையைத் தூக்கினார். வரட்டும் என்ற பக்கம்.

பிறகு ஆட்டக்காரர் பட்டியலை இழுத்தார். கோல் காப்பவர் என்று முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. அதை அடித்தார்.

"கோலுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. அவங்க வந்துக்கிட்டிருக்குற வரைக்கும் நான் ஆடல."

எழுந்து போய்விட்டார். அந்த வயதில் ஒரு வருஷம் மட்டையை வைத்துவிட்டால் வைத்ததுதான். மறுபடி எடுக்க முடியாது. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாரம் ஆறு நாள் சைட்டில் கத்திவிட்டு ஒரு நாள் அந்தக் கம்பத்துக்கு நடுவில் வந்து நின்ற மனுஷன். அதை அவரே அடித்துவிட்டார்.

நான் ஒரு தப்பு செய்தேன். அவர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் ஒரு பங்காளியாவது முறுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். நடத்துங்க, எனக்கென்ன என்பான். அவனை வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, மூன்று தடவை கூப்பிட வேண்டும். இரண்டு தடவை மாட்டேன் என்பான். மூன்றாவது தடவை சட்டையை மாட்டுவான். இவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கமிட்டிக்காரர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதுதான் குறை என்று எனக்குத் தோன்றியது.

பட்டாளம் முதல் தடவை வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம். குதைபியாவில் எங்கள் ரூமுக்குக் கீழே கடையில் வெற்றிலை வாங்கினேன். பாக்கு, ஆறு வாழைப்பழம், ஒரு தேங்காய். மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு கடன் வாங்கினேன். மன்னார்க்காரனைக் கூப்பிட்டேன், பேசுவதற்கு.

"அண்ணை, இது விசர் வேலை." பைத்தியத்தை அவன் விசர் என்பான்.

"வாடா. தட்டப் பாத்தா மனசு எறங்கும்."

"அந்தாள் வெள்ளைக்காரன் அண்ணை."

"வெள்ளைக்காரன்னா ரோசம் இருக்காதா?"

நடந்தே போனோம். கதவைத் திறந்தார். அரைக்கால் சட்டை, பனியன். தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இருபது வருஷம் நம் ஆட்களோடு இருந்தவர், தட்டு தெரியும்.

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல சார். நாளைக்கு மேட்ச்."

"அதுக்கு?"

"நீங்க வரணும். எங்க ஊர்ல கோபமா இருக்குற ஆள இப்படித்தான் கூப்பிடணும்."

மன்னார்க்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இதை இங்கிலீஷில் சொன்னான்.

"எனக்குக் கோபம் இல்ல."

"கோபமா இருக்குறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார்."

சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் இரண்டாவது தடவை கூப்பிட்டேன். தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று. மூன்றாவது தடவை கூப்பிட்டேன். அப்போது சொன்னார். கொஞ்சம்தான் சொன்னார். மன்னார்க்காரன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

அவருக்கு ஒரு அண்ணன். அவரைவிட நன்றாக ஆடுவார். ஒரு நாள் ஆட்டம் நடக்கும்போதே பட்டாளம் மைதானத்துக்குள் வந்து அண்ணனைக் கூட்டிப் போனது. யாரையோ தேடி வந்து அண்ணனைப் பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து விட்டார்கள். வலது முழங்கை மடங்கவில்லை. பிறகு அவர் மட்டையைத் தொடவே இல்லை.

"நாளைக்கு வர்ற பசங்க அப்பப் பொறந்திருக்கக்கூட மாட்டாங்க. அவங்க ஒண்ணும் செய்யல. ஆட வர்றேன்னு கேக்குறான். ஆடக் கூடாதுன்னு எப்படிச் சொல்றது? அதான் கை தூக்குனேன்."

"அப்ப நீங்களும் வரலாமே சார்?"

"அண்ணன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவார். யாரோட ஆடினேன்னு கேப்பார். முதல் கேள்வி அதான். நான் அவர்ட்டப் பொய் சொன்னதில்ல."

அவ்வளவுதான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சிமெண்ட் எத்தனை மூட்டை என்று சொல்வது மாதிரி சொன்னார்.

கோபம் என்றால் இறக்கலாம். வெற்றிலை பாக்குக்கு இறங்குகிற சங்கதி இல்லை இது. மற்றவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அதே கையால் தன்னை வெளியே வைத்துக்கொண்டவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

தட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டப் போய் நிறுத்தினார்.

"இத வாங்கினா வரணுமா?"

"ஆமா சார்."

"அப்ப வேண்டாம்."

எழுந்து வாசல் வரை வந்தார். "சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்டார். சாப்பிட்டோம் என்றோம். தட்டோடு திரும்பி நடந்தோம். பாதி வழியில் மன்னார்க்காரன் ஒரு பழத்தை உரித்தான். நானும் ஒன்று எடுத்தேன். ரூமுக்கு வரும்போது தேங்காயும் வெற்றிலையும்தான் இருந்தது.

நடந்து வரும்போது அவனைக் கேட்டேன், "ஒங்க ஊர்ல ஆமிக்காரன் வந்து பந்தாடக் கூப்பிட்டா போவியா?"

பழத் தோலை ஓரத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

"தெரியேல்ல அண்ணை. என்னை ஒருத்தரும் கேக்கேல்ல."

மறுநாள் விடியுமுன் நான் மைதானத்துக்குப் போனேன். கோடு இன்று என் தலையில்தான், மூலையில் ஒரு சாண் தப்பத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே அவர் இருந்தார். ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் பெயிண்ட் ஊற்றினேன். அவர் கயிற்றைப் பிடித்தார். எல்லாக் கோடும் போட்டோம். வலையில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது, கட்டினார். பட்டாளத்துக்காரர்கள் நிற்கப் போகிற பக்கத்தில் புல்லுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சூரியன் வந்தது. பிக்கப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து பஸ் வந்தது. பையோடு இறங்கினார்கள். முடி ஒட்ட வெட்டின பையன்கள். ஒரே மாதிரி நடை. நான் திரும்பிப் பார்த்தால் மன்னார்க்காரன் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறான்.

"என்னடா?"

"நான் அசையேல்ல அண்ணை. கால் தன்பாட்டில போயிட்டுது."

பிறகு முன்னால் வந்து நின்றான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

நல்ல ஆட்டம். பட்டாளத்துப் பையன்கள் ஓட்டம் ஓட்டம் என்று ஓடினார்கள். ஒருவன் பாதி மைதானத்திலிருந்து அடித்தான். பந்து ஏறி, வெயிலுக்குள் போய், எங்கே என்று தெரியாமல், கம்பத்து உச்சியை உரசுகிற மாதிரி வந்தது. எனக்குக் கண் கூசியது. ஆட்டம் நடத்துகிறவர் எங்களைப் பார்க்கிறார். எங்கள் குழுப் பையன்கள் வெளியே வெளியே என்று கத்துகிறார்கள். மன்னார்க்காரன் என்னைக் கேட்கவில்லை. வெள்ளைக் கொடியை எடுத்து நன்றாக உயர்த்திக் காட்டினான்.

"பாத்தியா?"

"உள்ளதான் அண்ணை. வடிவாப் பாத்தன்."

கோலில் நின்ற புதுப் பையன் நாலு தடவை விட்டான். தோற்றோம். முடிந்ததும் பட்டாளத்துக் கேப்டன் என்னிடம் வந்தான். செம்பட்டை முடி, மூக்கில் பிளாஸ்திரி. அவனும் அயர்லாந்துக்காரன்தான். கோடு யார் போட்டது என்று கேட்டான், எங்கள் ஊரில்கூட இவ்வளவு நேராக இல்லை என்றான். மன்னார்க்காரன் சொன்னான். அவர் எங்கே என்று கேட்டான். போய்விட்டார் என்றோம். கேப்டன் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தான். பிறகு எங்கள் குழு ஆட்களிடம் போனான். அவர்கள் மெதுவாகப் பேசினார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஃபோர்மேனும் தவறாமல் வந்தார், அவர்களுக்கு முன்னால். கோடு போடுவார், போவார். ஒரு நாளும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. ஒரு தடவை என்னால் அடக்க முடியாமல் மன்னார்க்காரனை வைத்துக் கேட்டேன்.

"சார், இது ஒங்க வேலை இல்ல. ஏன் வர்றீங்க?"

"நீ போட்டா கோணும்."



வெயில் காலம் வந்தது. சூடு தாங்காமல் ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஃபோர்மேனுக்கு யாரும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் கடைசிக் கோட்டில் இருந்தோம். நீளக் கோடு, வேலியோரம். அவர் குனிந்து கயிற்றைப் பிடித்திருக்கிறார். நான் வண்டியைத் தள்ளுகிறேன். கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நின்றது.

இத்தனை மாதம் ஃபோர்மேனும் பட்டாளமும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பையன்கள் மட்டையோடு திபுதிபுவென்று இறங்கினார்கள். சிரிப்பு, கத்தல். கேட்டில் கை வைத்தார்கள். கேப்டன் பார்த்துவிட்டான். ஒரு சத்தம் கொடுத்தான். ஒரே சத்தம். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். கேட்டிலிருந்து கையை எடுத்தார்கள். வெளியே வரிசையாக நின்றார்கள், வெயிலில். பஸ்ஸுக்குள் நிழல் இருந்தது. யாரும் ஏறவில்லை.

ஃபோர்மேன் தலையைத் தூக்கினார். பார்த்தார். மறுபடி குனிந்தார்.

அவர் வேகமாகப் போகவில்லை. மெதுவாகவும் போகவில்லை. எப்போதும் போகிற நடை. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று கயிற்றைத் தட்டிப் பார்ப்பார், அன்றும் தட்டினார். வண்டிச் சக்கரம் கிறீச் கிறீச் என்கிற சத்தம் மட்டும்தான். என்றைக்குக் கோணினாலும் இன்றைக்குக் கோணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். பட்டாளத்தில் ஒருத்தன் இருமினான். அடக்கிக்கொண்டான்.

அந்தப் பக்கம் ஒரு நாட்டுப் பட்டாளம். இந்தப் பக்கம் கயிறு பிடித்த ஒரு ஆள். சேர்க்கலாமா கூடாதா என்று அன்றைக்குக் கமிட்டியில் மேசையைக் குத்திப் பேசினார்கள். எனக்கு அதற்குப் பதில் இன்றைக்கும் தெரியாது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

கோடு முடிந்தது. ஆணியைப் பிடுங்கினார். கயிற்றைச் சுற்றினார். சுற்றும்போது ஒரு தடவை கேட் பக்கம் பார்த்தார். தலையை அசைத்தாரா என்றால் எனக்குத் தெரியாது. மன்னார்க்காரன் அசைத்தார் என்பான். நான் பின்னால் இருந்தேன். பிறகு அந்தப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாகப் போய் பிக்கப்பை எடுத்தார்.

நான் கேட்டுக்குப் போனேன். கேப்டன் முகம் சிவந்து வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வரலாமா என்று கையைக் காட்டினான்.

திரும்பிக் கோட்டைப் பார்த்தேன். பளபளவென்று ஈரமாக இருந்தது.

"பெயிண்ட் காயல," என்றேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்."

மன்னார்க்காரன் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். அத்தனை பேரும் பையைக் கீழே வைத்தார்கள்.